மேற்கிலிருந்து வரும் வானம்

நான் நோர்வேயின் மேற்குக் கரையில் உள்ள பேர்கன் நகரில் பஸ் ஓட்டுகிறேன். அதிகாலையில் முதல் பஸ்ஸை எடுப்பவனுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலா, கீழா என்பது. மற்றது, மேற்கே கடலில் இருந்து அடுத்த சில மணி நேரத்தில் என்ன வரப்போகிறது என்பது. முதலாவதை பஸ்ஸில் உள்ள வெப்பமானி காட்டிவிடும். இரண்டாவதைச் சொல்லத்தான் மனிதகுலத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்த வழியைக் கண்டவர்களில் முக்கியமானவர்கள் இதே பேர்கனில், நூறு ஆண்டுகளுக்கு முன்பு, இதே மழைக்குள் நடந்து திரிந்தவர்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா தொலைபேசியில் கேட்பது பெரும்பாலும் மழையைப் பற்றித்தான்.

"தம்பி, அங்க மழை விட்டிட்டுதோ?"

"இல்லையம்மா. நாளைக்கு விடும். நாளையிண்டைக்குத் திரும்பவும் வரும்."

"அதெப்பிடி உனக்கு இப்பவே தெரியும்?"

அம்மாவின் கேள்வி நியாயமானது. எங்கள் ஊரில் வானிலைக்கு நாட்காட்டி உண்டு. சித்திரை வைகாசியில் வெயில், ஆனி ஆடியில் சோளகக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் மாரி. கடலுக்குப் போகிறவர்கள் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றின் பெயரைச் சொல்லியே காலத்தைக் குறித்துவிடுவார்கள். ஆண்டின் குளிர்ந்த மாதத்துக்கும் வெப்பமான மாதத்துக்கும் சராசரி வித்தியாசம் ஐந்து பாகை செல்சியஸ் அளவுதான். பகலில் நிலம் சூடேறி மாலையில் இடி இடித்து மழை பெய்தால், அந்த முகில் பெரும்பாலும் எங்கள் தலைக்கு மேலேயே பிறந்து அங்கேயே கரைந்திருக்கும்.

பூமியின் நடு அகலக்கோட்டுப் பகுதிகளில், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலும் தெற்கிலும் சுமார் 30 முதல் 60 பாகை வரையான அட்சரேகைப் பட்டைகளில், நிலைமை வேறு. லண்டன், பாரிஸ், டொரொன்டோ, மொஸ்கோ, டோக்கியோ எல்லாம் வடக்குப் பட்டைக்குள் அடங்கும். பேர்கன் அதன் வடக்கு விளிம்பில் நிற்கிறது. இங்கெல்லாம் வானிலை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குப் பயணம் செய்கிறது, பெரும்பாலும் மேற்கில் இருந்து கிழக்காக. நாளை எனக்குக் கிடைக்கப்போகும் மழை இன்று அத்லாந்திக்கின் நடுவில் ஏதோ ஒரு கப்பலின் மேல் பெய்துகொண்டிருக்கிறது. அந்தக் கப்பல் எனக்குச் செய்தி சொன்னால் நான் தப்பித்துக்கொள்வேன். இந்தப் பகுதியின் வானிலையை அறிவதென்பது அடிப்படையில் அயலவனின் சொல்லைக் கேட்பதுதான் என்பது இத்தனை காலம் இந்த வீதிகளில் வண்டி ஓட்டியதில் எனக்குள் ஊறிப்போன எண்ணம்.

வெயிலின் சாய்வும் பூமியின் சுழற்சியும்

எல்லாம் சூரியனின் சாய்வில் தொடங்குகிறது. டிசம்பர் 21 அளவில் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் தொடுவானில் இருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். அதே நாளில் பேர்கனில் அது 6 பாகைதான். நகரைச் சுற்றி மலைகள் இருப்பதால் பல தெருக்களில் அந்த வெயில் விழுவதே இல்லை. பகலின் நீளம் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. ஜூனில் அதுவே பத்தொன்பது மணி நேரமாக நீண்டுவிடும்.

இப்படி வெப்பமண்டலம் ஆண்டு முழுவதும் பெறும் வெப்பம் அதிகம், துருவம் இழக்கும் வெப்பம் அதிகம். இந்தக் கணக்கு எங்காவது நேர் செய்யப்படாவிட்டால் நிலநடுக்கோட்டுப் பகுதி ஆண்டுக்காண்டு கொதித்தும் துருவம் இறுகியும் போயிருக்கும். காற்றும் கடலும்தான் அந்த மிகுதி வெப்பத்தைச் சுமந்துகொண்டு வடக்கிலும் தெற்கிலும் போகின்றன.

நிலநடுக்கோட்டருகே மேலெழும் காற்று இருபுறமும் விரிந்து, 30 பாகை அளவில் கீழிறங்குகிறது. இறங்கும் காற்றில் முகில் திரளாது. சகாராவும் அரேபியப் பாலைவனமும் அந்த அகலக்கோடுகளை ஒட்டிக் கிடப்பதற்கு அதுதான் காரணம். அதற்கப்பால் துருவம் நோக்கிப் போகும் காற்றை பூமியின் சுழற்சி திருப்பிவிடுகிறது. நிலநடுக்கோட்டில் நிலத்தின் மேற்பரப்பு மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. 60 பாகையில் அந்த வேகம் சரிபாதி. தெற்கே பெற்ற கூடிய வேகத்தோடு வடக்கே வருகிற காற்று, அங்குள்ள நிலத்தை முந்திக்கொண்டு கிழக்குப் பக்கம் போகும். நடு அகலக்கோடுகளின் மேலைக்காற்று இப்படித்தான் உருவாகிறது. சுழலும் பொருள்களில் இந்த விலகல் எவ்வளவு என்பதற்குக் கணக்கு எழுதிய பிரெஞ்சுக்காரர் கொரியோலிஸ். அவர் அதை வெளியிட்ட ஆண்டு 1835.

ஆனால் இந்த மேலைக்காற்று ஒரே சீராக வீசுவதில்லை. வெப்பமண்டலக் காற்றும் துருவக் காற்றும் மோதும் எல்லையில் அது நெளிகிறது. நெளிவு வளர்ந்து சுழலாகிறது. ஒவ்வொரு சுழலும் ஒருபக்கம் சூடான காற்றை வடக்கே இழுத்து, மறுபக்கம் குளிர்காற்றைத் தெற்கே தள்ளுகிறது. நாம் மோசமான வானிலை என்று திட்டுவது உண்மையில் பூமி தன் வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வேலை.

பேர்கன்காரர்களின் கோடு

1917 இல் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற நோர்வேஜிய இயற்பியலாளர் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் இருந்து பேர்கனுக்கு வந்தார். வானிலையைப் பௌதிகவியலின் சமன்பாடுகளைக் கொண்டே முன்கூட்டிக் கணிக்கலாம் என்று 1904 இலேயே எழுதியவர் அவர். இன்றைய வளிமண்டலத்தின் அழுக்கம், வெப்பநிலை, அடர்த்தி, ஈரம், காற்றின் வேகம் ஆகியவை சரியாகத் தெரிந்தால் நாளைய நிலையைக் கணக்கிட்டுவிடலாம் என்பது அவர் வாதம். தெரிந்தால் என்பதில்தான் சிக்கல் இருந்தது.

அப்போது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நோர்வே போரில் சேரவில்லை, ஆனால் உணவுத் தட்டுப்பாடு வாட்டியது. விவசாயிக்கும் மீனவருக்கும் வானிலைச் செய்தி உயிர்நாடி. போரில் இருந்த நாடுகளோ வானிலை அவதானங்களை இராணுவ இரகசியமாக்கிவிட்டன. நோர்வேக்கு வானிலை எந்தத் திசையில் இருந்து வருகிறதோ, அதே மேற்குத் திசையில் இருந்து தகவல் வருவது நின்றுபோனது.

பியர்க்னெஸ் செய்த முடிவு எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. வெளியில் இருந்து வராத தகவலை உள்ளூரில் நெருக்கமாகத் திரட்டுவது என்று அவர் தீர்மானித்தார். 1918 கோடையில் தென் நோர்வேயின் அவதான நிலையங்கள் ஏறத்தாழப் பத்து மடங்காகப் பெருகின. கலங்கரை விளக்கக் காவலர்களும் கரையோர மக்களும் காற்றின் திசை, முகிலின் வகை, மழை தொடங்கிய நேரம் ஆகியவற்றைக் குறித்துத் தந்தியிலும் தொலைபேசியிலும் அனுப்பினார்கள்.

அப்படி நெருக்கமாகப் புள்ளிகள் விழுந்த வரைபடத்தில், அதுவரை யாரும் தெளிவாகக் காணாத ஒன்று தெரிந்தது. சுழலின் நடுவில் உள்ள தாழமுக்கத்தைச் சுற்றி மழை வட்டமாகப் பெய்யவில்லை. கூரான இரண்டு கோடுகளை ஒட்டிப் பெய்தது. அந்தக் கோடுகளின் இருபுறமும் காற்றின் வெப்பநிலையும் திசையும் சட்டென்று மாறின. வில்ஹெல்மின் மகன் யாக்கொப் பியர்க்னெஸ் இதை விளக்கி 1919 இல் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. சூடான காற்று முன்னேறும் கோடு வெப்ப முகப்பு, குளிர்ந்த காற்று முன்னேறும் கோடு குளிர் முகப்பு. இன்று தொலைக்காட்சி வானிலைப் படத்தில் சிவப்பு அரைவட்டங்களும் நீல முக்கோணங்களும் பதித்த வளைகோடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பேர்கனின் பிள்ளைகள்.

ஹால்வோர் சூல்பெர்க் என்ற இளைஞர், இந்தக் கோடுகள் தனித்தனியானவை அல்ல, வட அரைக்கோளத்தில் துருவக் காற்றின் எல்லையாக நீளும் பெருங்கோட்டின் துண்டுகள் என்பதைக் கண்டார். சுவீடனில் இருந்து வந்த தோர் பெர்ஜெரோன், வேகமாக வரும் குளிர் முகப்பு முன்னே போகும் வெப்ப முகப்பைப் பிடித்துவிடும்போது சூடான காற்று முழுவதும் தரையை விட்டு மேலே தள்ளப்படுகிறது என்பதைக் கண்டார். அத்தோடு சுழல் முதிர்ந்து சாகத் தொடங்கும். ஒரு சுழலின் பிறப்பு, வளர்ச்சி, இறப்பு எல்லாம் சில நாள்களுக்குள் அடங்கும். எங்கே எந்த வயதில் ஒரு சுழல் நிற்கிறது என்று தெரிந்தால் அடுத்து அது என்ன செய்யும் என்று சொல்லிவிடலாம். அம்மாவின் கேள்விக்கு அதுதான் பதில்.

பஸ்ஸின் கண்ணாடி வழியே ஒரு சுழல்

படிப்பில் இருந்த இந்த அறிவை நான் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி பார்க்கிறேன். ஒரு தாழமுக்கம் வரும் விதத்தை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதல் நாள் வானம் தெளிவாகத்தான் இருக்கும். மேற்கே மிக உயரத்தில் மெல்லிய கீற்று முகில்கள் தோன்றும். அவை பனிக்கட்டித் துகள்களால் ஆனவை. வெப்ப முகப்பு நிமிர்ந்த சுவர் போல் வராது. கனமான குளிர்காற்றின் முதுகில் சூடான காற்று மிக மெல்லிய சரிவில் ஏறிக்கொண்டே வரும். தரையில் முகப்பு பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே அதன் மேல்நுனி என் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. சூரியனைச் சுற்றி வட்டம் கட்டினால் பேர்கனின் பழைய ஆட்கள் அன்று துணி காயப்போட மாட்டார்கள்.

பிறகு முகில் தடித்துத் தாழ்ந்து வரும். காற்று தென்கிழக்குக்குத் திரும்பும். அழுக்கமானி இறங்கும். முதலில் தூவானம், அதன்பின் விடாத மழை. ஏறும் பயணிகளின் ஈர உடுப்பில் பஸ்ஸின் கண்ணாடிகள் உள்ளே புகை படர்ந்ததுபோல் ஆகிவிடும். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் தலை முதல் கால்வரை இறப்பர் உடுப்போடு வரிசையாக ஏறுவார்கள். மழைக்காக இங்கே எந்தப் பிள்ளையையும் வெளியே விளையாட விடாமல் வைப்பதில்லை.

வெப்ப முகப்பு கடந்தவுடன் ஒரு விநோதம் நடக்கும். ஜனவரி மாதத்து நடுச்சாமத்தில் வெப்பநிலை 1 பாகையில் இருந்து 7 பாகைக்கு ஏறும். நண்பகலைவிட நள்ளிரவு சூடாக இருக்கும். ஊரில் இருந்து புதிதாக வருகிறவர்கள் இதை நம்புவதில்லை. நடு அகலக்கோட்டின் குளிர்காலத்தில் வெப்பத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான். தெற்கே அத்லாந்திக்கில் இருந்து வரும் காற்று இருளிலும் சூட்டைச் சுமந்துகொண்டு வரும்.

அடுத்து குளிர் முகப்பு. இதன் சரிவு செங்குத்தானது, பட்டை ஒடுங்கியது. காற்று தென்மேற்கில் இருந்து வடமேற்குக்கு ஒரேயடியாகத் திரும்பும். பாலத்தின் மேல் பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளும். வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், சிலவேளை ஆலங்கட்டியும் விழும். பின் அழுக்கம் ஏறும். கழுவிவிட்டதுபோல் நீலவானம் திறக்கும். கடலில் இருந்து துண்டு துண்டாக வரும் முகில்கள் பத்து நிமிடம் பெய்து பத்து நிமிடம் ஓயும்.

எல்லோரும் மகிழும் அந்த நேரம்தான் எனக்கு அதிகக் கவனம் வேண்டிய நேரம். முகில் விலகிய இரவில் வீதி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடும். மழையில் நனைந்த தார் பூச்சியத்துக்குக் கீழே போனதும், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் படியும். வெளிச்சத்தில் அது வெறும் ஈரம் போலவே தோன்றும். உப்புத் தூவும் லொறிகள் அதிகாலையில் எங்களுக்கு முன்னே போகும். எந்த வளைவில் மலைநிழல் விழும், எந்தப் பாலம் முதலில் உறையும் என்பது ஒவ்வோர் ஓட்டுநரும் தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரு விதி உண்டு. டச்சு வானிலையாளர் பைஸ் பாலோட் 1857 இல் வெளியிட்டது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழமுக்கம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். கைப்பேசி இல்லாமலே சுழல் எங்கே நிற்கிறது என்று கை நீட்டிக் காட்ட அது போதும்.

மலை பிழியும் மழை

பேர்கனில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. சென்னையில் சுமார் 1,400. சென்னையின் மழையில் பெரும்பகுதி சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பேர்கனின் மழை ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கும். 2006 அக்டோபர் 29 தொடங்கி 2007 ஜனவரி 21 வரை 85 நாள் இடைவிடாமல் ஒவ்வொரு நாளும் இந்த நகரில் மழை பதிவானது.

காரணம் மலை. மேலைக்காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு வந்து, நோர்வேயின் கரையில் முதல்முறையாக முட்டுகிறது. மேலேறும் காற்று குளிர்ந்து ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. மலைத்தொடரைத் தாண்டி இறங்கும் காற்றில் எஞ்சுவது கொஞ்சம். பேர்கனில் இருந்து வடகிழக்கே இருநூறு கிலோமீட்டர் சொச்சத்தில் உள்ள ஷோக் பள்ளத்தாக்கில் ஆண்டு மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கால்வாய் வெட்டி நீர் பாய்ச்சியிருக்கிறார்கள்.

இந்த மழை உயிரும் எடுத்திருக்கிறது. 2005 செப்டம்பர் 14 அன்று நகரின் ஃப்ளோரிடா அவதான நிலையத்தில் 24 மணி நேரத்தில் 156.5 மில்லிமீட்டர் பதிவானது. ஹாத்லெஸ்தாத் என்ற குடியிருப்பில் இரவில் மண் சரிந்து மூவர் இறந்தார்கள். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அத்லாந்திக்கின் வெப்பமண்டலக் கடலில் பிறந்த மரியா என்ற சூறாவளியின் எச்சத்தில் இருந்து. நம் வங்கக்கடல் புயலைப் போன்ற வெப்பமண்டலச் சூறாவளி கடல்நீரின் வெப்பத்தில் வாழ்வது. நடு அகலக்கோட்டுச் சுழல் சூடான காற்றுக்கும் குளிர்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் வாழ்வது. முன்னது வடக்கே நகர்ந்து பின்னதோடு சேரும்போது, வெப்பமண்டலத்தின் ஈரம் முழுவதும் ஒரு வடநாட்டு மலைச்சரிவில் வந்து இறங்கக்கூடும். அந்த வழியாகப் பஸ் ஓட்டும்போதெல்லாம், வெகுதூரம் என்று நாம் நினைக்கும் இடங்கள் காற்றுக்கு எவ்வளவு பக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி இது கூடும். காற்று ஒரு பாகை சூடேறினால் அதில் தங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் அதிகரிக்கிறது. அதே சுழல், அதே மலை, ஆனால் கொட்டும் நீர் அதிகம். மலையடியில் வீடு கட்டுகிறவர்களும் வடிகால் போடுகிறவர்களும் பழைய மழைக் கணக்கை வைத்துக்கொண்டு இனிக் காலம் தள்ள முடியாது.

ஒரே அகலக்கோடு, வேறு வேறு வாழ்க்கை

ஒரே அகலக்கோட்டில் இருந்தால் ஒரே காலநிலை என்று நினைக்க வேண்டாம். பேர்கனின் ஜனவரிச் சராசரி பூச்சியத்துக்குச் சற்று மேலே. ஏறக்குறைய அதே அகலக்கோட்டில் உள்ள ரஷ்யாவின் யாக்குத்ஸ்க் நகரில் அது மறை 38 பாகை அளவு. பேர்கனுக்கு மேற்கே வெப்பமான கடல் இருக்கிறது. யாக்குத்ஸ்க்குக்கு மேற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உறைநிலம் இருக்கிறது. காற்று மேற்கிலிருந்து வருவதால் மேற்கே இருப்பவர் யார் என்பதே எல்லாம்.

மத்தியதரைக் கடல் நாடுகளில் கோடையில் 30 பாகை அகலக்கோட்டில் இறங்கும் பாலைவனக் காற்று வடக்கே ஏறி மழையைத் தடுக்கும். குளிர்காலத்தில் அது பின்வாங்க, சுழல்கள் நுழைந்து மழை தரும். ஒலிவ் மரம் அந்த ஒழுங்குக்குப் பழகிய மரம். வட அமெரிக்காவின் நடுச் சமவெளியில் கிழக்கு மேற்காக மலை எதுவும் குறுக்கே இல்லை. ஆர்க்டிக் காற்றும் மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரக்காற்றும் தடையில்லாமல் சந்திப்பதால் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட டொர்னாடோ சுழற்காற்றுகள் தரையைத் தொடுகின்றன. தெற்கு டக்கோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் 1943 ஜனவரி 22 காலை, மலையிறங்கிய சூடான காற்று இரண்டே நிமிடத்தில் வெப்பநிலையை மறை 20 பாகையில் இருந்து 7 பாகைக்கு ஏற்றியது.

மேலே ஓடும் ஆறு

தரையில் நாம் காணும் சுழல்களுக்கு வழிகாட்டுவது ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டம். மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டி அது பாயும். டொரொன்டோவில் இருந்து லண்டன் வரும் எங்கள் உறவினர்களுக்குத் திரும்பிப் போகும் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

ஜப்பானில் வசபுரோ ஓயிஷி என்ற வானிலையாளர் 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று விரும்பி எஸ்பெராந்தோ மொழியில் 1926 இல் அறிக்கை வெளியிட்டார். அந்த மொழியைப் படித்தவர்கள் மிகச் சிலர். 1944 இன் பிற்பகுதியில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவுக்கு மேல் அந்தக் காற்றில் மாட்டித் தடுமாறியபோது, அதன் அளவு ஏற்கனவே அச்சில் இருந்தது.

பேர்கனில் பயின்று அமெரிக்காவுக்குப் போன கார்ல்-குஸ்தாவ் ரொஸ்பி, மேல்காற்றின் பெருநெளிவுகளுக்கு 1939 இல் கணிதம் எழுதினார். அந்த அலைகள் நகர்ந்தால் வானிலையும் நகரும். அலை ஓரிடத்தில் தேங்கிவிட்டால் வானிலையும் தேங்கும். 2010 கோடையில் ரஷ்யாவின் மேல் ஓர் உயரமுக்கம் வாரக்கணக்கில் நகராமல் நின்றது. ஜூலை 29 அன்று மொஸ்கோவில் 38.2 பாகை. அதே அலையின் கிழக்குப் பள்ளம் பாகிஸ்தானின் பருவமழையோடு சேர்ந்து பெருவெள்ளத்தைக் கொண்டுவந்தது. சுமார் 2 கோடி மக்கள் பாதிக்கப்பட்டார்கள். நம் துணைக்கண்டத்துக்கு இந்த மேலைக்காற்று நன்மையும் செய்கிறது. மத்தியதரைக் கடல் பக்கத்தில் இருந்து குளிர்காலத்தில் வரும் தாழமுக்கங்கள்தான் காஷ்மீருக்குப் பனியும் பஞ்சாபின் கோதுமைக்கு மழையும் தருகின்றன.

அயலவனின் சொல்

1944 ஜூன் மாதத் தொடக்கத்தில் அயர்லாந்தின் மேற்குக்கரையில், பிளாக்சொட் என்ற இடத்தில், மொரீன் ஃப்ளின் என்ற இளம்பெண் மணிக்கு ஒருமுறை அழுக்கமானியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். அயர்லாந்து போரில் நடுநிலை நாடு. ஆயினும் வானிலை அவதானங்களைப் பிரிட்டனோடு பகிர்ந்துகொண்டது. அழுக்கம் வேகமாக இறங்குவதாக அவர் அனுப்பிய செய்தியைச் சரிபார்க்கச் சொல்லி இங்கிலாந்தில் இருந்து கேட்டார்கள். எண் சரியாகவே இருந்தது. ஜூன் 5 அன்று நோர்மண்டியில் இறங்கவிருந்த நேச நாடுகளின் படை, புயலுக்காக ஒரு நாள் தள்ளி ஜூன் 6 இல் இறங்கியது. வானிலையாளர் ஜேம்ஸ் ஸ்டாக்கின் தலைமையில் அந்த முடிவுக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் பேர்கன் வழிவந்த ஸ்வெர்ரே பெத்தர்சென். ஜேர்மனியரின் கையில் அத்லாந்திக்கின் தகவல் போதுமான அளவு இல்லை. மேற்கே இருந்தவர் சொன்ன எண்ணுக்கு அவ்வளவு எடை.

பியர்க்னெஸ் 1904 இல் கண்ட கனவு 1950 இல் எனியாக் கணினியில் முதலில் நிறைவேறியது. 24 மணி நேர முன்கணிப்பைக் கணக்கிட ஏறத்தாழ 24 மணி நேரமே பிடித்தது. அந்தக் கணிப்பைச் செய்த குழுவிலும் ராக்னார் ஃபியோர்டொஃப்ட் என்ற நோர்வேஜியர் இருந்தார். அதன்பின் கணினியும் செய்மதியும் வளர வளர, பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற வீதத்தில் முன்னறிவிப்பின் எட்டம் கூடிவந்திருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து 1975 இல் நிறுவிய பொது முன்கணிப்பு நிலையம் இன்று உலகின் தலைசிறந்தவற்றுள் ஒன்று. நோர்வேயின் வானிலை நிலையமும் பொது ஒலிபரப்பு நிறுவனமும் 2007 இல் தொடங்கிய 'ஈர்' சேவை தன் கணிப்பை எந்த நாட்டவருக்கும் இலவசமாகத் தருகிறது. அதிகாலையில் நான் கைப்பேசியில் திறந்து பார்ப்பது அதைத்தான்.

ஆனால் அளப்பவர் இல்லாமல் கணினி எதையும் கணிக்காது. உலகின் கடைசி வானிலைக் கப்பலான நோர்வேயின் 'போலார்ஃப்ரண்ட்' 2010 இன் தொடக்கத்தில் அந்தப் பணியில் இருந்து விலக்கப்பட்டது. செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது அவதானத்தைத்தான் என்ற பழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. அளவிட்ட தரவைப் பணம் கொடுத்தால்தான் தருவோம் என்று பூட்டிவைக்கும் நாடுகளும் உண்டு. இரண்டும் தவறு. பகிராத அவதானம் அயலவரின் உயிரோடு விளையாடுவது.

இதைப் படிப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். லண்டன், டொரொன்டோ, ஒஸ்லோ போன்ற இடங்களில் வாழும் நம்மவர்கள் கைப்பேசியில் வெயில் படத்தையும் மழைப் படத்தையும் மட்டும் பார்த்து நிற்காமல், அழுக்க வரைபடத்தையும் திறந்து முகப்புகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு மாதத்தில் அவர்களே மறுநாள் மழையைச் சொல்வார்கள். ஊரில் இருப்பவர்கள் உங்கள் பாடசாலைகளில் ஒரு மழைமானியை வைத்து, தினமும் அளந்து எழுதி, அந்தப் பதிவை யாரும் பார்க்கும்படி வையுங்கள். அரசுகள் திரட்டும் வானிலைத் தரவு மக்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள். பேர்கனில் வானிலை அறிவியல் புதிதாகத் தொடங்கியது பெரிய கருவிகளால் அல்ல. கரையோரத்து மனிதர்கள் தாங்கள் கண்டதை நேரம் தவறாமல் சொன்னதால்.